‘ஒண்டு சாப்பிட்டா ஒண்டும் செய்யாது’

வாணி விழா முடிந்த மறுநாள் காலை வெறுவயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தபோது, குருதியிலுள்ள சீனியை அளக்கும் குளுக்கோமீற்றர் 171 (mg/dl) என்று காட்டியது. வழக்கமாக 120ஐ ஒட்டி நிற்கும் எண் அது. பாடசாலையில் ஒன்பது நாளும் நடந்த பூசையில், வகுப்புகள் முறைவைத்துக் கொண்டுவந்த அவல், கடலை, மோதகம், சர்க்கரைப் புக்கை எல்லாவற்றிலும் ‘ஒரு பிடி’ மட்டுமே எடுத்தேன் என்று நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். ஆனால் நாளொன்றுக்கு நான்கு வகுப்பு என்று பார்த்தால் அந்தப் பிடிகள் முப்பத்தாறு. இருபத்தைந்து ஆண்டுகளாக மனையியல் படிப்பிக்கும் எனக்கு இந்தப் பெருக்கல் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று தெரிந்தது 2013இல். ‘பண்டிகை நாளில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்’ என்ற ஆறுதலை அன்றிலிருந்து கேட்டு வருகிறேன். திருகோணமலையில் இருக்கும் ஒருவருக்கு அந்த ஆறுதல் பொருந்தாது. தீபாவளி, அதன் மறுநாளே தொடங்கும் கந்தசஷ்டி, கார்த்திகை விளக்கீடு, திருவெம்பாவை, கிறிஸ்மஸ், தைப்பொங்கல் என்று மாரி முழுவதும் பலகாரம் தொடரும். பிறகு சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள அயலவர் வீட்டுக் கொக்கிஸும் கவுமும் வரும். வெசாக்கில் வீதியோரத் தன்சலில், அதாவது இலவச உணவுப் பந்தலில், இனிப்புப் பானம் கையில் திணிக்கப்படும். நோன்புப் பெருநாளன்று கிண்ணியாவிலிருந்து என் தோழி வட்டிலப்பம் அனுப்புவாள். நான்கு சமயத்தவரும் ஒருவர் வீட்டுப் பலகாரத்தை மற்றவர் வீட்டுக்குக் கொடுத்துவிடும் இந்த வழக்கம் எங்கள் ஊரின் நல்ல குணங்களில் ஒன்று. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விதிவிலக்கு நாட்களை எண்ணப்போனால் அவை விதியையே மூடிவிடும் என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். ஆகவே பண்டிகைக்கும் சேர்த்துத்தான் ஓர் ஒழுங்கு தேவைப்படுகிறது.

முதல் மூன்று ஆண்டுகள் நான் எடுத்த வழி முழு மறுப்பு. எந்த வீட்டில் எந்தத் தட்டு நீட்டப்பட்டாலும் கையைக் கூப்பி வேண்டாம் என்றேன்; சொந்தக்காரர்கள் என்னைக் கண்டிப்பானவள் என்று மெச்சினார்கள். மெச்சியவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. தீபாவளிக்கு முதல் நாள் சுட்ட பயத்தம் பணியாரம் எங்கள் குசினி மேல்தட்டில், பழைய பால்மாப் பேணியொன்றில் இருந்தது. அந்தப் பேணியின் மூடியைச் சாதாரணமாகத் திறந்தால் வீடு முழுக்கக் கேட்கும். இரவு பதினொரு மணிக்கு அதைத் திறப்பதானால், ஒரு துவாயைச் சுற்றிப் பிடித்து, கரண்டிக் காம்பை விளிம்பில் கொடுத்து, மூன்று இடங்களில் சிறிது சிறிதாக நெம்ப வேண்டும் என்பதை நான் பழகி வைத்திருந்தேன். இருட்டில் நின்றபடி ஐந்து பணியாரம் தின்றேன். முதலாவதைத் தவிர மற்ற நான்கின் சுவையும் எனக்கு நினைவில்லை. பகலில் எல்லோர் முன்னும் ஒன்றை வாங்கி, கதிரையில் இருந்து, பிளேன்ரீயோடு ஆறுதலாகத் தின்றிருந்தால் அந்த நான்கும் பேணியிலேயே கிடந்திருக்கும்.

அதன் பிறகுதான் என் தொழிலை என் வருத்தத்துக்குப் பயன்படுத்தத் தொடங்கினேன். பயத்தம் பணியாரத்துக்கு என் அளவு: வறுத்துத் திரித்த பயற்றம் மா 500 கிராம், சர்க்கரை 500 கிராம், ஒரு தேங்காயின் பூ, மிளகு, சீரகம், ஏலக்காய், தோய்த்துப் பொரிக்கக் கோதுமை மாக் கரைசல். அதில் நாற்பது பணியாரம் வரும். அப்படியானால் ஒரு பணியாரத்தில் பன்னிரண்டரைக் கிராம் சர்க்கரை இருக்கிறது. தேக்கரண்டிக் கணக்கில் ஏறத்தாழ மூன்று. பயற்றம் மாவிலும் கோதுமை மாவிலும் உள்ள மாப்பொருளைச் சேர்த்தால் ஒன்றின் காபோவைதரேற்று 25 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். ஒரு கோப்பைச் சோற்றில் இருப்பது சுமார் 45 கிராம். எனவே ஒரு பணியாரம் அரைக் கோப்பைச் சோற்றுக்குச் சமம். ‘ஒண்டு சாப்பிட்டா ஒண்டும் செய்யாது, ரீச்சர்’ என்று தட்டை நீட்டும்போது, அரைக் கோப்பைச் சோற்றைத் தருகிறோம் என்று யாரும் நினைப்பதில்லை. இந்தக் கணக்கு தெரிந்த நாளிலிருந்து பலகாரத்தின் மேல் எனக்குப் பயமும் இல்லை, ஏக்கமும் இல்லை. மத்தியானச் சோற்றில் அரைக் கோப்பையைக் குறைத்துவிட்டு, அதே வேளையில், சாப்பாட்டோடு ஒரு பணியாரத்தைத் தின்கிறேன். தனியாக, வெறுவயிற்றில், பிற்பகல் நான்கு மணிக்குத் தின்பதில்லை. மரக்கறி, பருப்பு, மீன் ஆகியவற்றை முதலில் தின்றுவிட்டுச் சோற்றையும் இனிப்பையும் கடைசியில் தொட்டால் குருதியில் சீனி ஏறும் வேகம் தணிகிறது என்பதை என் குளுக்கோமீற்றரிலேயே பார்த்திருக்கிறேன்: அளவு மாறாத ஒரே சாப்பாட்டுக்கு, இனிப்பை முதலில் தின்ற நாளில் இரண்டு மணி நேரத்தின் பின் 228, கடைசியில் தின்ற நாளில் 176.

எங்கள் தமிழில் சீனி வேறு, சர்க்கரை, அதாவது வெல்லம், வேறு. இந்தச் சொல் வேறுபாடு எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறது. ‘இது சீனி போடேல்ல அக்கா, சர்க்கரைதான்’ என்பதையும், அதைவிட உறுதியான குரலில் ‘இது பனங்கட்டி, உடம்புக்கு நல்லது’ என்பதையும் நான் கேட்காத பண்டிகை இல்லை. வெள்ளைச் சீனியானாலும், சர்க்கரையானாலும், பனங்கட்டியானாலும், தயிருக்கு ஊற்றும் கித்துள் பாணியானாலும், அவற்றின் இனிப்புக்குப் பெரும்பாலும் காரணம் சுக்குரோசுதான். நிறத்தையும் மணத்தையும் தரும் சிறு அளவுக் கனிமங்களுக்காக உடல் அதை வேறு கணக்கில் வைப்பதில்லை. வட்டிலப்பம் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. முட்டையும் தேங்காய்ப்பாலும் இருப்பதால் சீனி மெதுவாக ஏறும். இரண்டாம் மணித்தியாலத்தில் எண் நல்லதாகத் தெரியும், அதன் பிறகு மேலே போகும். என் தோழி அனுப்பும் கிண்ணத்தில் நான்கு தேக்கரண்டியை எனக்கென்று எடுத்துவிட்டு மீதியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவேன். அவளிடமும் அதைச் சொல்லியிருக்கிறேன். கோபிக்கவில்லை, சிறிய கிண்ணம் அனுப்பத் தொடங்கினாள்.

இனிப்பைப் பற்றியே பேசி இடியப்பத்தை மறந்துவிடுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு, ஆட்டிறைச்சிக் கறியோடு பன்னிரண்டு இடியப்பத்தைத் தின்று முடித்த என் மைத்துனர், அதற்குப் பிறகு கொண்டுவரப்பட்ட லட்டை ‘எனக்குச் சீனி, வேண்டாம்’ என்று பெருமையாகத் தள்ளிவைத்தார். கூடவே ஒரு கிளாஸ் மென்பானத்தையும் குடித்தார். போத்தலில் சிவப்பு வட்டம் இருந்தது. 2016 முதல் எங்கள் நாட்டில் மென்பானங்களுக்கு நிறக் குறியீடு உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால்தான் அந்தச் சிவப்பு. ஒரு கிளாஸில் இரண்டு லட்டுக்கும் குறையாமல் அவர் குடித்திருப்பார் என்பது என் அபிப்பிராயம். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை, இங்கே வாசித்துக் கொள்ளட்டும்.

இனிப்பை விலக்குவது மட்டுமே கட்டுப்பாடு என்று நினைத்ததன் விலையை நான் ஒரு கந்தசஷ்டியில் கொடுத்தேன். அந்த ஆண்டு சீனி வருத்தத்துக்கு மெற்போமின் குளிசையோடு கிளிக்லசைட் என்ற இன்னொரு குளிசையையும் சேர்த்துத் தந்திருந்தார்கள். கிளினிக்கில் விரதம் பிடிப்பீர்களா என்று எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மெற்போமின் தனியாகச் சீனியைப் பெரும்பாலும் அளவுக்கு மீறிக் கீழே இறக்காது. கிளிக்லசைட் அப்படியல்ல, சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் சதையியை (கணையத்தை) இன்சுலின் சுரக்கச் சொல்லித் தூண்டும். இந்த வேறுபாடு தெரியாமல், காலையில் குளிசையை மட்டும் போட்டுவிட்டு மத்தியானம் கோயில் மண்டபத்தில் நின்றேன். முதலில் பிடரி வியர்த்தது. பிறகு கையிலிருந்த பூத்தட்டு தானாக ஆடத் தொடங்கியது. எதிரே இருந்த தூண் இரண்டாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத அம்மா ஒருவர் என்னைப் பிடித்து இருத்தி, ‘சீனிக்காரியோ பிள்ளை?’ என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மடைப்பள்ளிக்குப் போய், ஒரு குவளைத் தண்ணீரில் சீனி கரைத்துக் கொண்டுவந்து குடிக்க வைத்தார். அவருக்கும் இந்த வருத்தம் இருந்திருக்க வேண்டும். எண் 70க்குக் கீழே போனால் உடனடியாக வேண்டியது 15 கிராம் சீனி, அதாவது மூன்று தேக்கரண்டி. கால் மணி நேரம் பொறுத்து மீண்டும் பார்க்க வேண்டும், ஏறாவிட்டால் இன்னொரு முறை. நெய்யும் கொழுப்பும் உறிஞ்சலைத் தாமதப்படுத்துவதால், அந்த நேரத்துக்குப் புக்கையோ சொக்லேற்றோ உதவாது. அன்று என்னைத் தூக்கி நிறுத்தியது, ஆண்டு முழுவதும் நான் பகையாக எண்ணியிருந்த அதே வெள்ளைச் சீனிதான். இப்போது என் கைப்பையில் சீனிப் பொட்டலம் இல்லாமல் கோயிலுக்குப் போவதில்லை. விரதம் வருவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லிக் குளிசையின் நேரத்தை மாற்றிக்கொள்கிறேன்.

இனி விருந்து கொடுப்பவர்களுக்கு ஒரு சொல். 2018, 2019 காலப்பகுதியில் நாடு முழுவதற்குமாக நடந்த ஆய்வொன்று, இலங்கையின் வளர்ந்தோரில் 23 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. உங்கள் வீட்டு விறாந்தையில் நான்கு பெரியவர்கள் இருந்தால், அவர்களில் ஒருவருக்கு அது இருக்கும் என்று எண்ணிக்கொள்வது பெரிய தவறாகாது. யார் அந்த ஒருவர் என்று உங்களுக்குத் தெரியாது. சில வேளை அவருக்கே தெரியாது. இந்த நிலையில் ‘எங்கட வீட்டில கை நனைக்கமாட்டியளோ?’ என்று கேட்பதை நான் உபசாரம் என்று ஏற்றுக்கொள்ளமாட்டேன். வற்புறுத்துவதில்தான் அன்பு தெரியும் என்பது, பலகாரம் ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் வீட்டில் இருந்த காலத்து வழக்கம். அதே வேளையில், ‘இவ சீனிக்காரி’ என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுக் கிறீம் கிறாக்கர் இரண்டைத் தனித்தட்டில் வைத்துத் தருவதும் எனக்கு உவப்பில்லை. அந்த பிஸ்கட்டும் மாதான். மற்றவர்களுக்கு வைத்த தட்டையே எனக்கும் வையுங்கள். என்ன எடுப்பது, எத்தனை எடுப்பது என்பதை என்னிடம் விடுங்கள்.

சாப்பிட்ட பிறகு என்ன செய்வது என்பதையும் எங்கள் ஊர் எளிதாக்கித் தந்திருக்கிறது. கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வரை ஏறும் வீதியில், மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும் மர நிழலில், கால் மணி நேரம் நடந்தால் போதும். இயங்கும் தசை, இன்சுலினின் உதவியை அதிகம் எதிர்பாராமலே குருதியிலிருந்து சீனியை எடுத்துக்கொள்கிறது. தீபாவளியன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் அக்காவும் மைத்துனரும் நானும் போவதாக இருக்கிறோம். மைத்துனர் இன்னும் சம்மதிக்கவில்லை. மழை வரும் என்கிறார்.

அன்று என் வீட்டுக்கு வருபவர்களுக்கு: பணியாரம் மேசையில் இருக்கும், பக்கத்தில் உழுந்து வடையும் கடலைச் சுண்டலும் இருக்கும், பிளேன்ரீயைச் சாயமாகவே தருவேன், சீனி தனிக் கிண்ணத்தில். நான் ‘எடுங்கோ’ என்று ஒரு தரம் சொல்வேன், இரண்டாம் தரம் சொல்லமாட்டேன்.