போதகர் கேட்டு வாங்கிய ரபியின் படம்

மதநல்லிணக்கம் என்றாலே மேடையில் கைகோத்து நிற்கும் மதத் தலைவர்களின் போட்டோவைத்தான் போடுகிறார்கள். என்னைக் கேட்டால், சாமுவேல் கிங் 1782-இல் வரைந்த ஒரு ரபியின், அதாவது யூத மதகுருவின் உருவப்படத்தைப் போடச் சொல்வேன்.

படத்தில் இருப்பவர் ஹெப்ரோனில் பிறந்து ஊர் ஊராகப் பயணம் செய்த ரபி ஹாயிம் ஐசக் காரிகல். 1773-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் துறைமுகத்துக்கு வந்தார். யூதர்களின் பூரிம் பண்டிகையன்று அவர்களுடைய ஜெபாலயத்தில் அவரைப் பார்த்த எஸ்ரா ஸ்டைல்ஸ் என்ற கிறிஸ்தவப் போதகர், சிவப்பு அங்கி, உயரமான ரோமத் தொப்பி, நீண்ட தாடி என்று டைரியில் குறித்துக்கொண்டார். அப்புறம் ஜூலையில் ரபி கிளம்பும்வரை இருவரும் அடிக்கடி சந்தித்தார்கள். ஸ்டைல்ஸ் நாற்பதை நெருங்கும் வயதில் எபிரேயம் கற்கத் தொடங்கியவர். வேத வசனங்களையும் மேசியாவையும் பற்றி மணிக்கணக்கில் பேச அவருக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது. ஷாவுஓத் என்ற யூத விழாவில் ரபி ஸ்பானிய மொழியில் பிரசங்கம் செய்தபோது ஆளுநரே வந்து உட்கார்ந்து கேட்டார். பிரியும்போது ஸ்டைல்ஸ், இறந்தபின் ஏதேன் தோட்டத்தில் ஆபிரகாமோடு நாம் சந்திப்போம் என்று வாழ்த்தினார்.

ஸ்டைல்ஸைப் பரந்த மனதுக்காரர் என்று மெச்சிவிட முடியாது. 1762-இல் ஏரன் லோப்பஸ் என்ற யூத வணிகருக்கு, நியூபோர்ட் இருக்கும் ரோட் ஐலண்டில் குடியுரிமை மறுக்கப்பட்டபோது, அதில் கடவுளின் சித்தத்தைக் கண்டவர் இவர்தான். யூதர்கள் கிறிஸ்தவத்துக்கு மாற வேண்டும் என்ற ஆசை கடைசிவரை அவரை விடவில்லை.

ரபி 1777-இல் பார்படோஸில் இறந்தார். அடுத்த ஆண்டு யேல் கல்லூரியின் தலைவரான ஸ்டைல்ஸ், 1781-இல் அதே லோப்பஸுக்குக் கடிதம் எழுதினார்: கல்லூரி நூலகத்தில் மாட்ட ரபியின் படம் வேண்டும். கிறிஸ்தவப் போதகர்களை உருவாக்கிய கல்லூரி அது. 1771-இல் ஸ்டைல்ஸையே எபிரேய எழுத்துகளோடு வரைந்திருந்த கிங்தான் இதையும் வரைந்தார். இறந்து ஐந்தாண்டு ஆனவரின் முகம்!

கருத்து ஒத்துப்போனவர்களின் நட்பு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒத்துப்போகாத நண்பரின் முகத்தைத் தன் மாணவர்கள் தினமும் பார்க்க வேண்டும் என்று நினைத்தாரே, அதுதான் பெரிது.

லோப்பஸ் 1782 மே மாதம் நீரில் மூழ்கி இறந்தார். அவரை மனதாரப் புகழ்ந்து எழுதிய ஸ்டைல்ஸ், இயேசுவை ஏற்காமல் போய்விட்டாரே என்றும் வருந்தினார். அது என்னை உறுத்துகிறது. அதை மறைத்துவிட்டு இந்த நட்பைக் கொண்டாட எனக்கு மனமில்லை.