மலைமேல் மூன்று பெட்டி போதும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்

ஆடியில் மேட்டூர் நிரம்பினால் பவானி, குமாரபாளையம், ஈரோடு கருங்கல்பாளையம் ஆற்றோரத்து மக்கள் சாமான்களை மேட்டுக்கு ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் காவிரித் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்தது. வெள்ளத்தோடு கரண்ட் போகும். கரண்ட் வரத் தாமதமானால் செல் டவரின் பேட்டரியும் இறங்கிவிடும். அந்த நேரத்துக்காக, செல் டவரும் இன்டர்நெட்டும் இல்லாமல் சிறு ரேடியோ போர்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் குறுஞ்செய்தி கடத்தும் மெஷ்டாஸ்டிக் வலை அமைக்க நினைக்கும் தன்னார்வலர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் கருவி வாங்காதீர்கள். எல்லோரும் செய்வது அதைத்தான். குரூப் ஆரம்பித்த வாரமே இருபது பேர் இருபது போர்டு வாங்கி, இருபதும் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும். காங்கிரீட் கட்டடங்களுக்கு நடுவே ஒன்றிரண்டு கிலோமீட்டர் போனாலே பெரிது. முதலில் தேட வேண்டியது உயரமான மூன்று இடங்கள். அந்த ஒவ்வொரு இடத்துக்கும் சாவியோடு ஓர் ஆள். தண்ணீர் டேங்க், கல்லூரியின் ஐந்தாவது மாடி, மலைக்கோயில் அடிவாரத்துக் கட்டடம், எதுவானாலும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கோயில் என்றால் செயல் அலுவலரிடம், டேங்க் என்றால் ஊராட்சியில். வனத்துறை எல்லைக்குள் அனுமதியில்லாமல் ஒரு கம்பி கூட நடக்கூடாது.

கண்ணுக்குத் தெரிகிற மலைக்கெல்லாம் சிக்னல் போய்விடும் என்றும் கணக்குப் போடாதீர்கள். இரண்டு ஆன்டெனாவுக்கும் இடையே 20 கிலோமீட்டர் என்றால், பாதி வழியில் நேர்கோட்டைச் சுற்றி 40 மீட்டர் வரைக்கும் காலியாக இருப்பது நல்லது. நம் பக்கத்துத் தென்னந்தோப்பு அதில்தான் குறுக்கே நிற்கும். மழையில் நனைந்த மட்டை சிக்னலை இன்னும் குடிக்கும். வெயில் நாளில் சோதித்துவிட்டு மழை நாளில் நம்பினால் ஏமாற்றம்தான்.

இனி வாங்கலாம். இந்த வேலைக்கு இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். 2005இலிருந்து 867 வரை இருந்தது, 2021இல் 868 வரை நீட்டினார்கள். விலை குறைவு என்று 433 போர்டை வாங்கிவிடாதீர்கள், 868 என்று போட்டிருப்பதுதான் நமக்கு. வந்ததும் ஆன்டெனாவை மாட்டிவிட்டுத்தான் பவர் கொடுக்க வேண்டும், மாற்றிச் செய்தால் ரேடியோ சிப் போய்விடலாம். செட்டிங்கில் நாட்டை இந்தியா என்று வைக்காதவரை அது ஒரு செய்தி கூட அனுப்பாது. புதிதாகச் சேர்கிறவர்கள் "போர்டு பழுதுங்க" என்று கொண்டுவந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

மேலே வைக்கும் பெட்டிக்கு என்ஆர்எஃப்52840 சிப் உள்ள போர்டுதான். ராக் 4631 நல்ல தேர்வு. 18650 என்ற அளவுள்ள ஒரே ஒரு லித்தியம் பேட்டரியில், வெயிலே இல்லாமல் ஒரு வாரம் தாங்கும். ஹெல்டெக் மாதிரி ஈஎஸ்பி32 சிப் உள்ள போர்டுகள் மலிவுதான், ஆனால் அதே பேட்டரியை ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாளில் காலி செய்துவிடும். அவை கையில் வைத்துக்கொள்ளவும் வீட்டில் சார்ஜில் போட்டுவைக்கவும் சரி.

கீழே போர்டு, மேலே ஆன்டெனா, நடுவே பத்து மீட்டர் ஆர்ஜி58 ஒயர் என்று இழுத்தால் அனுப்பும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு தேறுவதே கஷ்டம். போர்டையே ஆன்டெனாவுக்கு அடியில், கம்பத்தில் கட்டிவிடுங்கள். சோலார் பலகையின் நிழல் பெட்டிமேல் விழ வேண்டும். சித்திரை வெயிலில் மூடிய டப்பாவுக்குள் லித்தியம் பேட்டரி வெந்துவிடும். ஒயர் நுழையும் ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்கட்டும். அங்கே எறும்பும் குளவியும் குடியேறும், சிறு கம்பிவலை வைத்து அடையுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஆனி ஆடியில் சோலார் பலகையே பாய்மரம் மாதிரி கம்பத்தை வளைக்கும். அந்த ஊர்களில் சின்னப் பலகை, மூன்று பக்கமும் இழுப்புக் கம்பி.

பெட்டிமேல் தமிழில் பெரிதாக எழுதுங்கள்: இது என்ன, யாருடையது, எந்த எண்ணுக்குப் பேச வேண்டும். ஒயரும் பேட்டரியும் உள்ள பெயரில்லாத டப்பாவைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். வி.ஏ.ஓ.விடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவைப்பது உங்கள் வேலை.

வலையைக் கெடுப்பது பெரும்பாலும் ஆர்வக் கோளாறு. எல்லோரும் தங்கள் போர்டை ரூட்டர் என்று வைத்துக்கொள்வார்கள். ரூட்டர் மற்றவர்களுக்கு முந்தி மறுஒலிபரப்பு செய்யும். பள்ளத்து வீட்டு ரூட்டர் முந்திக்கொண்டால் மேட்டில் இருப்பவர் பேசாமல் விட்டுவிடுவார், செய்தி அங்கேயே நின்றுவிடும். உயரத்து மூன்றுக்கு மட்டும் ரூட்டர், மற்றவர்களுக்கெல்லாம் கிளையன்ட் என்ற சாதாரண நிலை, ஒரே வீட்டில் இரண்டாவது போர்டு இருந்தால் மறுஒலிபரப்பே செய்யாத கிளையன்ட் மியூட். ஒரு செய்தியை எத்தனை தடவை அடுத்தடுத்து மறுஒலிபரப்பலாம் என்ற தாவல் எண்ணிக்கை மூன்றில் இருக்கட்டும். "எட்டலைங்க, ஏழு வெச்சுக்கறேன்" என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். நகராத பெட்டிகள் இடத்தைச் சொல்வது நாளுக்கு இரண்டு தடவை போதும். இன்டர்நெட் வழியே வெளியூர்ச் செய்திகளை இழுக்கும் எம்.க்யூ.டி.டி. இணைப்பை அணைத்தே வையுங்கள். போர்டில் இயல்பாக வரும் லாங்ஃபாஸ்ட் என்ற அனுப்பும் முறையில் ஒரு முழு நீளச் செய்தி போக ஏறத்தாழ 2 விநாடி ஆகும். ஒவ்வொரு மறுஒலிபரப்புக்கும் மறுபடி 2 விநாடி. எல்லோரும் பகிரும் ஒரே அலைவரிசையில் இருக்கும் நேரம் அவ்வளவு குறைச்சல்.

தமிழில் அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு செய்திக்கு ஏறக்குறைய 200 பைட்தான் இடம். தமிழில் எழுத்து, கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். "தண்ணீர் வேண்டும்" என்பது 46 பைட். அதையே தங்கிலீஷில், ஆங்கில எழுத்தில் "thanni venum" என்று அடித்தால் 12. வெள்ளத்தில் நிற்கும் பாட்டிக்காகத் தமிழில் அடிப்பதை நான் ஒருநாளும் தடுக்க மாட்டேன். ஆனால் குழுவுக்குள் இடம், எத்தனை பேர், என்ன தேவை, மணி என்ற நான்கையும் இதே வரிசையில், சுருக்கமாக அனுப்பப் பழக வேண்டும்.

பொதுச் சேனலில் டிக் விழுந்தால் யாரோ ஒருவர் அதை வாங்கி மறுபடி அனுப்பினார் என்று மட்டும்தான் அர்த்தம். உரியவர் படித்துவிட்டார் என்று அர்த்தமில்லை. ஆகவே கட்டாய விதி: படித்தவர் இடத்தையும் எண்ணிக்கையையும் திருப்பிச் சொல்லி "வந்தது" என்று போட வேண்டும். இது இல்லாத குழுவை நான் அவசரத்துக்கு நம்பமாட்டேன்.

மாதம் ஒரு ஞாயிறு ஒத்திகை, காலை பத்திலிருந்து பதினொன்று. எல்லோரும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, போனையும் போர்டையும் இணைக்கும் புளூடூத்தை மட்டும் மறுபடி ஆன் செய்ய வேண்டும். முதல் ஒத்திகையில் பாதிப் பேர் இதிலேயே தடுமாறுவார்கள், தடுமாறட்டும். இரண்டு பேர் காகித நோட்டில் வந்த செய்தி, மணி, யாரிடம் ஒப்படைத்தது என்று எழுத வேண்டும். ஒருவர் மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077இன் கட்டுப்பாட்டு அறைக்கு நேரில் போய்ச் சொல்லும் ஆள். அவருக்குப் பெட்ரோல் நிறைந்த வண்டியும் ஒரு மாற்று ஆளும் இருக்க வேண்டும். கடைசி மைல் ரேடியோவில் முடியாது, வண்டியில்தான் முடியும்.

எல்லாப் போர்டிலும் ஃபர்ம்வேர், அதாவது உள்ளே ஓடும் மென்பொருள், ஒரே பதிப்பாக இருக்கட்டும். செய்தியைப் பூட்டும் ரகசியக் குறியான சேனல் சாவியை இயல்பாக வருவதிலேயே விடாதீர்கள், அது ஊருக்கே தெரிந்த சாவி. மாற்றிய சாவியை அச்செடுத்து உறையில் போட்டு மூன்று பேர் வீட்டில் வையுங்கள். வைகாசிக்குள் அப்டேட் வேலையை முடித்துவிடுங்கள். ஆனி பிறந்துவிட்டால் புதுப் பதிப்பு வந்தாலும் ஐப்பசி மழை ஓயும்வரை மேலே இருக்கும் மூன்று பெட்டியையும் தொடக்கூடாது.