12 நிமிடம்தானே என்கிறவர்களுக்கு

2025 செப்டம்பரில், ரஷ்யாவை ஒட்டிய சிறு நாடான எஸ்டோனியாவின் வான்வெளியில் ரஷ்யப் போர் விமானங்கள் 12 நிமிடம் பறந்ததைப் பற்றி நம்மவர்கள் எழுதியதையெல்லாம் படித்துவிட்டுப் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் “ஒரு சுண்டைக்காய் நாடு, கலங்கரை விளக்கத்தைத் தவிர ஒன்றுமில்லாத ஒரு தீவு, வெறும் 12 நிமிடம், இதற்கா இத்தனை கூப்பாடு?” என்று ஒருவர் எழுதியதற்கு, நான் பெரிதும் மதிக்கும் நண்பர்கள்கூட வரிசையில் நின்று விருப்பக்குறி இட்டிருப்பதைப் பார்த்த பிறகு மனம் ஆறவில்லை.

என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். செப்டம்பர் 19 அன்று மூன்று ரஷ்ய மிக்-31 போர் விமானங்கள் பின்லாந்து வளைகுடாவில் வைண்ட்லூ தீவுக்கு அருகே எஸ்டோனிய வான் எல்லைக்குள் நுழைந்தன. பயணத் திட்டம் தாக்கல் செய்யவில்லை, விமானத்தை ரேடாருக்கு அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவி இயங்கவில்லை, வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்துடன் பேச்சும் இல்லை. அந்த ஆண்டில் அதற்கு முன்பே நான்கு முறை அத்துமீறல் நடந்திருப்பதாக எஸ்டோனியா சொல்கிறது. நடுநிலைக் கடற்பரப்பின்மேல்தான் பறந்தோம் என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் மறுக்கிறது. ரஷ்யாவின் பெருநிலத்திலிருந்து, தனித்துண்டாகக் கிடக்கும் அதன் காலினின்கிராட் பகுதிக்குப் போக வழி வேண்டாமா என்று கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்தக் குறுகிய வளைகுடாவின் நடுவே எல்லோருக்கும் பொதுவான வழி இருக்க வேண்டும் என்பதற்காகவே பின்லாந்தும் எஸ்டோனியாவும் தங்கள் கடல் எல்லையைத் தாங்களாகவே சுருக்கிக்கொண்டிருக்கின்றன. வழி இருக்கிறது, அதில் போகலாம். அதை விட்டு அடுத்தவர் எல்லைக்குள் 12 நிமிடம் பறப்பதை வழி தவறியது என்று எப்படி ஏற்பது? ஒலியைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேலான வேகத்தில் பறக்கக்கூடிய விமானம் அது. அதன் ஒரு வடிவம்தான் கின்ஷால் ஏவுகணையைச் சுமந்து சென்று உக்ரைன் நகரங்களின்மேல் வீசுகிறது.

நாடு சிறியதாக இருந்தால் அதன் வானம் பொதுச்சொத்து ஆகிவிடுமா? என் கேள்வி இது ஒன்றுதான்.

எஸ்டோனியாவின் மக்கள்தொகை 14 இலட்சத்தைத் தொடாது. அந்த நாட்டிடம் ஒரு போர் விமானமும் இல்லை; அண்டையிலுள்ள லாட்வியாவிடமும் இல்லை, லிதுவேனியாவிடமும் இல்லை. அதனால்தான் 2004-இல் நேட்டோ இராணுவக் கூட்டணியில் சேர்ந்த நாள் தொட்டு, கூட்டணியின் மற்ற நாடுகள் முறை வைத்து வந்து அந்த வானத்தைக் காக்கின்றன. முதலில் லிதுவேனியாவின் ஷௌலெய் தளத்திலிருந்து. 2014-இல் உக்ரைனிடமிருந்து ரஷ்யா கிரிமியாவைப் பறித்த பிறகு எஸ்டோனியாவின் ஆமாரி தளத்திலிருந்தும். அந்த முறை ஆமாரியில் இருந்தவர்கள் இத்தாலியர்கள். அன்று எழும்பிய எஃப்-35 போர் விமானங்கள் அவர்களுடையவை. வெளியூர்க்காரனை வைத்து வீட்டைக் காக்கிறவனுக்கு என்ன மானம் என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிற சிறு வருவாயில் தன்னால் வாங்க முடியாததைக் கூட்டாளிகளிடம் பெற்றுக்கொண்டு, பதிலுக்குத் தன் பிள்ளைகளை அவர்களுடைய போருக்கு அனுப்பிய நாடு அது. ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கொள்ளும் நேட்டோவின் 5-ஆம் பிரிவு இதுவரை ஒரே ஒருமுறைதான் செயலுக்கு வந்தது, 2001-இல், அமெரிக்காவுக்காக. அதன் தொடர்ச்சியாக ஆப்கானிஸ்தானுக்குப் போய் 9 எஸ்டோனிய வீரர்கள் உயிரிழந்தார்கள். மானத்தைப் பற்றி அவர்களுக்கு நாம் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

நான் சில ஆண்டுகள் எஸ்டோனியத் தலைநகர் டாலினில் வேலை பார்த்தவன் என்பது இங்கே பலருக்குத் தெரியும். உடன் வேலை பார்த்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஆமாரிக்கு அழைத்துப் போனார். தளத்தைப் பார்க்க அல்ல, அதற்கு அருகே பைன் மரங்களுக்கிடையே இருக்கும் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்க. சோவியத் காலத்தில் அங்கே பணியாற்றி விபத்துகளில் இறந்த விமானிகள் பலரின் தலைமாட்டில் கல்லுக்குப் பதிலாக விமானத்தின் வால்பகுதியையே நட்டு வைத்திருக்கிறார்கள். அலுமினியத் தகட்டில் சிவப்பு நட்சத்திரம், அதன் கீழே சீருடையில் ஓர் இளைஞனின் படம். ஒரு வால்பகுதியின்மேல் காய்ந்த கிளை ஒன்று விழுந்து கிடந்தது. நண்பர் அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, கையால் தகட்டைத் துடைத்துவிட்டு வந்தார். அவருடைய பாட்டி 1949 மார்ச்சில் சரக்கு ரயிலில் ஏற்றி சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டவர். அந்த ஒரு மாதத்தில் எஸ்டோனியாவிலிருந்து அப்படி நாடு கடத்தப்பட்டோர் 20,000 பேருக்கு மேல். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அந்தப் பாட்டியின் பேரன்தான் சோவியத் விமானியின் கல்லறையைத் துடைத்தார். இவர்களைத்தான் ‘ரஷ்ய வெறுப்பில் ஊறியவர்கள்’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறீர்கள்.

ரஷ்யா உக்ரைனோடு போரிடக் காரணமே நேட்டோ கிழக்கே நகர்ந்ததுதான் என்ற வாதம் வரும் என்று தெரியும். 1990-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர், நேட்டோ கிழக்கே நகராது என்று சோவியத் தலைவர் கோர்பச்சேவிடம் பேசியது என்ன, அது கிழக்கு ஜெர்மனியைப் பற்றியதா முழு ஐரோப்பாவையும் பற்றியதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஒப்பந்தமாக எதுவும் எழுதப்படவில்லை. அதைவிட முக்கியமானது, இரண்டு வல்லரசுகள் ஓர் அறையில் உட்கார்ந்து பேசினால் அந்த அறையில் இல்லாத எஸ்டோனியாவை அது கட்டுப்படுத்துமா என்பது. நேட்டோ நகர்ந்தது, நேட்டோ நகர்ந்தது என்கிறீர்களே, அந்தக் கதவைத் தட்டியவர்கள் யார் என்று ஒருமுறையாவது கேட்டீர்களா?

நடுநிலையாக இருந்திருக்கலாமே என்பவர்களுக்கு: எஸ்டோனியர்கள் அப்படி இருந்து பார்த்தார்கள். 1938-இல் நடுநிலைச் சட்டம் இயற்றினார்கள். 1939 செப்டம்பரில் மிரட்டி ஒப்பந்தம் போட்டு சோவியத் படைத்தளங்கள் உள்ளே வந்தன. 1940 ஜூனில் நாடே போயிற்று. அந்த ஜூன் 14 அன்று டாலினிலிருந்து ஹெல்சின்கிக்குப் புறப்பட்ட ‘கலேவா’ என்ற பின்லாந்துப் பயணிகள் விமானத்தை, பின்லாந்துக்கும் சோவியத்துக்கும் போர் இல்லாத நேரத்தில், சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் இரண்டு சுட்டு வீழ்த்தின. உள்ளே இருந்த 9 பேரும் இறந்தார்கள். விழுந்தது இதே பின்லாந்து வளைகுடாவில்தான். அந்தக் கடலின்மேல் அடையாளம் காட்டாமல் போர் விமானம் பறந்தால் டாலினில் இருப்பவருக்கு என்ன நினைவு வரும் என்று, கைப்பேசியில் 12 நிமிடத்தைக் கணக்குப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பின்லாந்தும் அப்படித்தான். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு எந்த இராணுவ அணியிலும் சேராமல், ரஷ்யாவின் மனம் கோணாமல் நடந்து வந்த நாடு அது. 2022 பிப்ரவரியில் உக்ரைனுக்குள் படை நுழைந்ததும் அங்கே மக்கள் கருத்து சில வாரங்களில் புரண்டது. 2023 ஏப்ரல் 4 அன்று உறுப்பினரானார்கள். ரஷ்யாவோடு நேட்டோவுக்கு 1,340 கிலோமீட்டர் புதிய எல்லை வந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் சுவீடனும் சேர்ந்தது. இவர்களைக் கூட்டணிக்குள் தள்ளியது யார்?

“அப்படியானால் சுட்டிருக்க வேண்டியதுதானே? பயம்தானே?” என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2015 நவம்பரில் துருக்கி சுட்டது. அவர்கள் கணக்கிலேயே 17 விநாடி அத்துமீறலுக்கு ஒரு ரஷ்ய சு-24 போர் விமானம் வீழ்ந்தது, அதன் விமானி கொல்லப்பட்டார், அடுத்த கோடையில் துருக்கி அதிபர் எர்டோகன் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 10 அன்று போலந்துக்குள் வந்த ரஷ்ய ஆளில்லா விமானங்களில் சிலவற்றை நெதர்லாந்தின் எஃப்-35 உள்ளிட்டவை சுட்டு வீழ்த்தின. அதில் மனிதர் இல்லை. மனிதர் இருக்கும் விமானத்தின் பக்கத்தில் போய், இறக்கையை ஆட்டிச் சைகை காட்டி, வெளியேறும்வரை கூடவே பறந்து, விசையில் விரல் வைக்காமல் திரும்புவதற்கு அதைவிட அதிகத் துணிவு வேண்டும். அந்த இத்தாலிய விமானிகள் செய்தது அதைத்தான். சுடச் சொல்பவர்கள் ஆமாரியிலோ ரஷ்ய எல்லையை ஒட்டிய நார்வாவிலோ குடியிருப்பவர்கள் அல்லர்.

எல்லாம் ஆயுத வியாபாரம் என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. பின்லாந்து 64, ஜெர்மனி 35 என்று அமெரிக்காவின் எஃப்-35-ஐ வரிசையில் நின்று வாங்குகிறார்கள். கிரீன்லாந்தைக் கேட்கும் அமெரிக்காவிடமிருந்து வாங்கிய விமானத்தில்தான் டென்மார்க் பறக்கிறது. 2017-இல் பிரான்சும் ஜெர்மனியும் தொடங்கிய அடுத்த தலைமுறைப் போர் விமானத் திட்டம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று டசோ, ஏர்பஸ் ஆகிய விமான நிறுவனங்கள் இழுத்துக்கொள்வதில் முடங்கிக் கிடக்கிறது. இதைப் பற்றியெல்லாம் ஐரோப்பா வெட்கப்பட வேண்டும். ஆனால் விற்பவன் இலாபம் பார்க்கிறான் என்பதால் வாங்குகிறவனின் அச்சம் பொய்யாகிவிடாது. 2011-இல் லிபியாவில் நேட்டோ குண்டுவீசிச் செய்த பாவத்துக்கும் எஸ்டோனியாவைப் பதில் சொல்லச் சொல்லாதீர்கள்.

ரஷ்யா நம் நண்பன் ஆயிற்றே என்ற கடைசி வாதம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. என் அப்பா வாங்கி வந்த சோவியத் புத்தகங்களைத் தமிழில் படித்து வளர்ந்தவன் நான். 1971 போரில் அவர்கள் நமக்குத் துணை நின்றதை மறந்தவனும் அல்ல. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் நம் விமானப்படையின் மிக்-21 விமானங்கள் விடைபெற்றபோது எனக்கும் தொண்டை அடைத்தது. நமக்கு நல்லவனாக இருந்தவன் இன்னொருவருக்கும் அப்படியே இருந்திருப்பான் என்பது என்ன கணக்கு?

பிரான்சிடம் ரஃபேல் போர் விமானம் வாங்குகிறோம், ரஷ்யாவிடம் எஸ்-400 வான்காப்பு ஏவுகணை வாங்குகிறோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ரஷ்ய எண்ணெய் வாங்கினோம் என்று சொல்லி அமெரிக்கா 2025 ஆகஸ்டில் நம் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதம் ஆக்கித் திருப்பூரின் வயிற்றில் அடித்தபோது, நாங்கள் யாரோடு சேர வேண்டும் என்று நீ யார் சொல்வதற்கு என்று இதே நண்பர்கள்தான் பொங்கினார்கள், நானும் பொங்கினேன். அப்போது எழுதிய அதே நியாயத்தை எஸ்டோனியாவுக்கும் ஒருமுறை எழுதிவிட்டு வாருங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம்.