"காப்பாற்றினார்கள்" என்று இன்னொரு முறை சொல்லாதீர்கள்

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் 1840ல் செய்த வைதாங்கி ஒப்பந்தத்தைப் பற்றி நான் போட்ட பதிவின் கீழே நேற்று நடந்த சண்டையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதைத் தொடங்கிய நண்பரின் பின்னூட்டத்தை நான் நீக்கவில்லை, அப்படியே இருக்கிறது. "மாவோரிகள் ஏமாந்துவிடக் கூடாது என்றுதானே, அரசாங்கத்தைத் தவிர வேறு யாரும் அவர்களிடம் நிலம் வாங்கக் கூடாது என்று வைத்தார்கள், இதிலுமா குறை?" அதற்கு முப்பது நாற்பது பேர் விருப்பக்குறி போட்டிருந்தார்கள். அதில் எனக்கு நெருக்கமானவர்களும் இருந்ததுதான் இரவு முழுக்க உறுத்தியது.

ஒரு பொருளை விற்க ஒரே ஒருவரிடம்தான் போக முடியும் என்றால் விலையை யார் சொல்வார்கள்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

1840 அக்டோபரில் ஆக்லாந்து நகரம் அமைக்க அங்கிருந்த மாவோரிக் குலமான ங்காட்டி ஃபாத்துவா மக்களிடம் 3,000 ஏக்கர் வாங்கினார்கள். கொடுத்தது சில நூறு பவுண்டு மதிப்புக்குப் பணமும் போர்வை, துணிமணி போன்ற சாமான்களும். ஓராண்டு ஆவதற்குள் அதில் வெறும் 44 ஏக்கரை மட்டும் குடியேறிகளுக்கு 24,275 பவுண்டுக்கு விற்றது அரசு. நடுவில் நின்ற லாபம் யாருக்குப் போனது? சாலைக்கும், நிர்வாகச் செலவுக்கும், இன்னும் ஆட்களைக் கப்பலில் கொண்டு வருவதற்கும். அதாவது அந்த மக்களின் நிலத்தை வைத்தே அவர்களைச் சிறுபான்மையாக்கும் செலவையும் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு இது ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்டால், ஆக்லாந்தின் க்ரே லின் பகுதியில் நாங்கள் வைத்திருந்த மளிகைக் கடையைச் சொல்ல வேண்டும். மூடுவது என்று முடிவானதும் அலமாரி, குளிர்பெட்டி, தராசு எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். கட்டட உரிமையாளர் வெளியாள் யாரையும் உள்ளே விட மாட்டேன் என்றார். "உங்களுக்கு அலைச்சல் எதற்கு, நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று அவர் சொன்ன தொகையைக் கேட்டு என் கணவர் பேசாமல் வெளியே போய் நின்றுகொண்டார். வேறு வழி இல்லை, கொடுத்துவிட்டோம். அவர் எங்களிடம் கடைசி வரை அன்பாகத்தான் பேசினார். அதனால்தான் "காப்பாற்றினார்கள்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் குரல் கேட்கிறது.

அப்புறம், "ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்களே" என்கிறீர்கள். பெரும்பாலான தலைவர்கள் கையெழுத்திட்டது மாவோரிப் பிரதியில். அதில் இருக்கும் சொல் 'ஹொகொங்கா', வாங்குவது விற்பது என்று பொருள். பிரிட்டிஷ் அரசிக்கு விற்கலாம் என்று அதில் புரியும், வேறு எவருக்கும் விற்கவே கூடாது என்று எங்கே புரியும்?

"சிட்னி வியாபாரிகள் முழுங்கியிருப்பார்களே" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். சரி, இதில் உண்மை இருக்கிறது. 1840ல் சிட்னியிலிருந்த வென்ட்வொர்த் என்பவர் நியூசிலாந்தின் தென் தீவில் ஏறத்தாழ 2 கோடி ஏக்கர் தனக்கு என்று பத்திரம் எழுதிக்கொள்ளப் பார்த்தார், ஆளுநர் கிப்ஸ் தடுத்தார். தடுத்தது நல்லதுதான். ஆனால் எட்டே ஆண்டில், 1848ல், அதே தீவில் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் அங்கிருந்த மாவோரிக் குலமான ங்காய் தாஹு மக்களிடமிருந்து அரசே 2,000 பவுண்டுக்கு எடுத்துக்கொண்டது. அந்த மக்களுக்கென்று ஒதுக்கியது 6,359 ஏக்கர். யாரிடமிருந்து யாரைக் காப்பாற்றினார்கள்?

விற்க வேண்டாம், குத்தகைக்கு விட்டுப் பிழைத்துக்கொள்கிறோம் என்று வட தீவின் வைரராப்பா பகுதியில் மாவோரிகள் ஆடு மேய்ப்பவர்களுக்கு நிலத்தை விட்டு வாடகை வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆளுநர் கிரே 1846ல் கொண்டுவந்த சட்டம் அதையும் குற்றமாக்கியது. நிலம் கையைவிட்டுப் போகாமல் வருமானம் வரும் வழியைத் தடுப்பது எந்த ஊரில் பாதுகாப்பு? எங்கள் கடை இருந்த க்ரே லின் அவர் பெயரில்தான் இருக்கிறது. தினமும் அந்தப் பெயரை எழுதித்தான் ரசீது போட்டேன்.

"1865க்குப் பிறகு தனியார் வாங்கலாம் என்று திறந்துவிட்டபோது இன்னும் வேகமாகத்தானே நிலம் போனது" என்பது அடுத்த கேள்வி. போனதுதான். நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பொதுவான நிலத்தை நில நீதிமன்றம் பத்துப் பேர் பெயரில் மட்டும் எழுதிக் கொடுத்தால் போகாமல் என்ன செய்யும்? அதுவும் இவர்கள் போட்ட விதிதான். அதோடு, குடியேறிகளுக்கு மலிவாக நிலம் தேவைப்பட்டபோது 1894ல் மறுபடியும் அரசு மட்டுமே வாங்கலாம் என்று கொண்டுவந்தார்கள். இதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

கடைசியாக ஒருவர், "குடியேறி வந்தவர் நீங்கள், உங்களுக்கு எதற்கு இந்த வேலை" என்று கேட்டிருந்தார். உண்மையாகவே வலித்தது. இருபது வருடமாக இந்த ஊரில் வரி கட்டுகிறேன், என் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். நகரத்துக்கு நிலம் கொடுத்த அந்த ங்காட்டி ஃபாத்துவா மக்களை 1950களின் தொடக்கத்தில் ஆக்லாந்தின் ஒராகே பகுதியில் வீடுகளை விட்டு வெளியேற்றி அந்த வீடுகளைக் கொளுத்தினார்கள். அவர்களிடம் மிஞ்சியது கால் ஏக்கர் இடுகாடு. கடையைக் கொடுத்த அன்று எங்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது.

அந்தப் பின்னூட்டத்துக்கு விருப்பக்குறி போட்ட தோழி, இதைப் படித்தால் கூப்பிடு. உன்னிடம் எனக்குக் கோபம் இல்லை, பேச வேண்டும்.