மரக்கன்று எண்ணிக்கை போதாது, வாய்க்காலைப் பாருங்கள்

கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகேறுகிறவர்கள் வேரைப் படம் பிடிக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு 'அலையைத் தடுக்கும் அரண்' என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. மறுக்கவில்லை. ஆனால் சுனாமி என்றைக்கோ ஒருநாள் வருவது. இந்தக் காடு ஆண்டு முழுக்கச் செய்கிற வேலை இலை உதிர்ப்பது. அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பழுத்து விழும் இலையில் சத்து குறைவு. தழைச்சத்தில் பெரும்பகுதியை உதிரும் முன்பே மரம் உள்ளிழுத்துக்கொள்ளும். இலை தண்ணீரில் ஊறி, துவர்ப்பு கரைந்து, பூஞ்சையும் பாக்டீரியாவும் படர்ந்த பிறகுதான் அது தீனியாகிறது. மட்க மட்க எடை குறையும். மிஞ்சும் துகளில் புரதத்தின் பங்கு ஏறும். இந்தக் காட்டு மரங்களில் வெண்கண்டல் இலை சீக்கிரம் மட்கிவிடும், துவர்ப்பு மிகுந்த சுரபுன்னை இலைக்கு நாளாகும். இதற்கிடையே நண்டுகள் இலையை வளைக்குள் இழுத்துப்போய்க் கத்தரித்துப் போடும். அந்தத் துகளைத் தின்றுதான் இறால் குஞ்சும் மடவை மீனும் வளர்கின்றன. அவற்றைத் தேடிக் கொடுவா மீன் வருகிறது. புளோரிடாவில் ஓடம், ஹீல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் மீன்களின் வயிற்றைத் திறந்து பார்த்தே இந்தச் சங்கிலியை விளக்கினார்கள். பிச்சாவரத்து ஓடைகளில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களின் வருமானமும் இந்தச் சங்கிலியில்தான் தொங்குகிறது.

நடுக்கடல் வரை இந்த இலைத்துகள் போகிறது என்று நான் சொல்ல மாட்டேன். எவ்வளவு வெளியே போகும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஓடைக்கும் கழிமுகத்துக்கும் அதுதான் சோறு.

அந்தச் சோறு போய்ச்சேர நீரோட்டம் வேண்டும். பிச்சாவரத்தில் முன்பு பகுதி பகுதியாக மரங்களை மொட்டையடித்தார்கள். வெயில் பட்டு மண் சுருங்கித் தரை பள்ளமானது. ஏறிய கடல்நீர் வடியாமல் தேங்கி உப்பு கூடியது. உப்பைத் தாங்கும் உமரிச் செடிதான் மிஞ்சியது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரை ஏறி இறங்க விட்ட பிறகுதான் நட்ட கன்றுகள் பிழைத்தன.

இன்றும் திட்டம் என்றால் எத்தனை லட்சம் கன்று என்றுதான் அறிவிப்பு வருகிறது. வாய்க்கால் தூர்ந்துபோனால் கன்று காயும். காயாத மரத்தின் இலையும் அங்கேயே தேங்கி அழுகும். கன்றுக்கு ஒதுக்கும் பணத்தோடு ஆண்டுதோறும் வாய்க்கால் தூர்வாரவும் பணம் ஒதுக்குங்கள். அந்த வேலையை அந்த ஓடையில் இறால் பிடிப்பவர்களுக்கே கூலியோடு கொடுங்கள். எந்த வாய்க்கால் எப்போது அடைபடும் என்று அவர்களுக்குத் தெரியும்.