நகாட்டாவுக்கு எத்தனை மார்க்?

(ஜப்பானின் கோஃபு நகரில் சாக்கே என்னும் அரிசி மது விற்கும் கடை. கடைக்காரர் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். டோக்கியோவில் விளம்பர வேலை பார்க்கும் தங்கை மகன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறான்.)

மருமகன்: மாமா, நம்ம ஊர் கால்பந்து வீரர் ஹிடெதோஷி நகாட்டாவுக்கு இணையத்தில் எவ்வளவு மவுசு என்று அளந்து மார்க் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

கடைக்காரர்: அளக்க என்ன இருக்கு? 1998-ல் இத்தாலியில் பெருஜியா கிளப்புக்குப் போனான். முதல் லீக் ஆட்டத்திலேயே யுவென்டஸுக்கு எதிராக இரண்டு கோல். நூற்றுக்கு நூறு, எழுதிக்கோ.

மருமகன்: அந்த ஆட்டத்தில் பெருஜியா தோற்றது மாமா. 4-3.

கடைக்காரர்: பெருஜியாதானே தோற்றது? நகாட்டாவா தோற்றான்?

மருமகன்: சரி, ஒரு பெயரை எவ்வளவு தேடுகிறார்கள் என்று கோடு போட்டுக் காட்டுமே கூகுள் டிரெண்ட்ஸ், அதில் பார்க்கிறேன்.

கடைக்காரர்: 2001 மே மாதத்தை எடு. அப்போது அவன் ஆடிய ரோமா கிளப் 2-0 என்று பின்தங்கியிருக்கிறது. அவர்களுடைய நட்சத்திரம் டொட்டியை வெளியே கூப்பிட்டு இவனை இறக்குகிறார்கள். தூரத்திலிருந்து விட்டான் பார் ஒரு அடி! ஆட்டம் 2-2, அந்த வருஷம் லீக் பட்டமும் ரோமாவுக்கு.

மருமகன்: டிரெண்ட்ஸ் கணக்கு 2004-லிருந்துதான்.

கடைக்காரர்: விக்கிப்பீடியாவில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வருமே?

மருமகன்: அந்தக் கருவி 2015 ஜூலையிலிருந்து.

கடைக்காரர்: ட்விட்டர்?

மருமகன்: அவர் ஓய்வு அறிவித்தது 2006 ஜூலை 3. ட்விட்டரைப் பொதுமக்களுக்குத் திறந்தது அதே மாதம் 15.

கடைக்காரர்: காய்ச்சல் விட்ட பிறகு தெர்மாமீட்டரோடு வந்து, உடம்பு சில்லென்று இருக்கிறதே என்கிறாய்!

மருமகன்: வெறும் ‘நகாட்டா’ என்று போட்டால் கோடு ஜோராக ஏறுகிறது மாமா.

கடைக்காரர்: ஏறாதா பின்னே? கோஜி நகாட்டா என்று இன்னொருத்தன் 2002, 2006 இரண்டு உலகக் கோப்பையிலும் இவனோடு அணியில் இருந்தானே. அவன் வரவை இவன் கணக்கில் எழுதாதே.

மருமகன்: முழுப் பெயரையும் ஜப்பானிய கான்ஜி எழுத்தில் போடுகிறேன்.

கடைக்காரர்: ரோமில் இருக்கிறவன் கான்ஜியிலா தேடுவான்?

மருமகன்: ஆங்கில எழுத்திலும் போட்டாச்சு. வந்துவிட்டது மாமா, 100!

கடைக்காரர்: நூறே பேரா?

மருமகன்: ஆள் கணக்கு இல்லை. அவருடைய உச்சம் எதுவோ, அதற்குப் பெயர் 100. லட்சம் பேர் தேடியிருந்தாலும் அதேதான்.

கடைக்காரர்: அப்படியென்றால் என் உச்சத்துக்கும் 100 உண்டு.

மருமகன்: உங்கள் பெயரைப் போட்டுப் பார்த்தேன். போதிய தரவு இல்லையாம்.

கடைக்காரர்: (துணியை உதறி) நிருபர்களைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறவன் அவன். சொல்ல வேண்டியதைத் தன் இணையதளமான நகாட்டா டாட் நெட்டில் தானே எழுதுவான். 29 வயதில் ஓய்வு என்று சொன்னதும் அங்கேதான். அப்படிப்பட்டவனுக்கு இணையத்தில் கணக்கு இல்லையா?

மருமகன்: இப்போது சாக்கேயைப் பரப்பிக்கொண்டிருக்கிறாரே, ‘நகாட்டா சாக்கே’ என்று தேடலாம். ஆனால் தேடுகிறவர் பந்தாட்ட ரசிகரா, குடிக்கிறவரா என்று எப்படிப் பிரிப்பது?

கடைக்காரர்: பிரிக்காதே. இரண்டும் நான்தான். போனைக் கொடு, நானே பத்துத் தடவை தேடி ஏற்றிவிடுகிறேன்.

மருமகன்: ஒரே ஆள் அடுத்தடுத்துத் தேடினால் டிரெண்ட்ஸ் கழித்துவிடும். அத்தை போனிலிருந்து தேடச் சொல்லுங்கள்.

கடைக்காரர்: அவள் எதற்குத் தேடணும்? இருபது வருஷமாக என் கல்யாணப் போட்டோவை எடுத்துவிட்டு அந்தச் சட்டத்தில் அவனைத்தான் மாட்டி வைத்திருக்கிறாள்!