ஜூலியாவின் கடிதம்

சென்ற வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு திருமண நாள் வாழ்த்து வந்தது. சிவப்பு ரோஜாக்களுக்கு நடுவே ஓர் ஆங்கில வரி. அதன் அடியில் ஆங்கிலக் கவிஞர் லார்ட் பைரனின் பெயர். ஆணுக்குக் காதல் என்பது வாழ்க்கையிலிருந்து தனியே நிற்கும் ஒரு பகுதி, பெண்ணுக்கோ அதுவே முழு வாழ்க்கை என்பது அந்த வரியின் பொருள். பெண்களைப் போற்றும் வாசகமாக எண்ணித்தான் அனுப்பியிருந்தார்கள். அனுப்பியவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பைரனை இருபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படித்து வருபவன் என்ற முறையில், அந்த வரி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

முதலில், அது பைரன் தம் கருத்தாகச் சொன்னது அன்று. 1819 ஜூலையில், ஆசிரியர் பெயரும் பதிப்பாளர் பெயரும் இல்லாமல் வெளிவந்த ‘டான் ஜுவான்’ நெடுங்கவிதையின் முதல் காண்டத்தில், ஜூலியா என்ற பெண் எழுதும் கடிதத்தில் அது இருக்கிறது. ஜூலியாவுக்கு வயது 23. அவளுடைய கணவருக்கு 50. பதினாறு வயது ஜுவானோடு அவள் கொண்ட உறவு வெளியே தெரிந்ததும் ஊரே சிரிக்கிறது. அவனை அவன் தாய் கப்பலேற்றி வெளிநாட்டுப் பயணம் அனுப்புகிறாள். அவளைக் கன்னிமாடத்தில் அடைக்கிறார்கள். ஒரே தவற்றுக்கு ஒருவனுக்கு உலகம் திறக்கிறது, இன்னொருத்திக்குக் கதவு மூடுகிறது. அங்கிருந்துதான் அவள் எழுதுகிறாள். வாழ்த்து அட்டையில் இடம்பெறாத அடுத்த அடிகளில், அரசவை, பாசறை, தேவாலயம், கப்பல், சந்தை என்று ஆண்கள் போய் மனத்தை ஆற்றிக்கொள்ளக்கூடிய இடங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, உங்களுக்கு இத்தனை இருக்கின்றன, எங்களுக்கு இருப்பது ஒன்றுதான், மறுபடியும் காதலிப்பது, மறுபடியும் அழிவது என்று முடிக்கிறாள். பெண்ணின் இயல்பு இதுதான் என்று அவள் சொல்லவில்லை. பெண்ணுக்கு வேறு வழி வைக்கப்படவில்லை என்று முறையிடுகிறாள். அந்த முறையீட்டின் தலையை மட்டும் வெட்டியெடுத்து, அதைப் பாராட்டாக மாற்றித் திருமண நாளுக்கு அனுப்புகிறோம்.

அந்தக் கடிதத்தைப் பைரன் எவ்வளவு கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். ஓரத்தில் பொன்முலாம் பூசிய தாள். காக்கை இறகைச் சீவிச் செய்த மெல்லிய புதுப் பேனா. உயர்தரச் செந்நிற அரக்கு. சூரியகாந்திப்பூ செதுக்கிய முத்திரை. அரக்கை உருக்க மெழுகுவர்த்தியை நோக்கி நீளும் அவளுடைய சிறிய கை, திசைகாட்டியின் முள்ளைப்போல நடுங்குகிறது. ஆனாலும் ஒரு சொட்டுக் கண்ணீரைக்கூட அவள் சிந்தவில்லை. துயரத்தில் இருப்பவள் இத்தனை நல்ல தாளையும் அரக்கையும் தேடி எடுத்தாளா என்று படிக்கும்போது லேசாகச் சிரிப்பு வருகிறது. கை நடுங்குவதைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிடுகிறது.

இரண்டாம் காண்டத்தில் ஜுவான் கப்பல் தளத்தில் நின்று அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வானம் மண்ணை முத்தமிட்டாலும் உன்னை மறவேன் என்கிற பாணியில் சூளுரைக்கிறான். சூளுரையின் நடுவிலேயே கடல் குமட்டல் வந்து அவனைப் பேசவிடாமல் செய்கிறது. பின்பு புயலில் கப்பல் மூழ்குகிறது. தப்பியவர்கள் படகில் பசியால் துடிக்கிறார்கள். ஜுவானின் நாயையும் தின்று தீர்த்தாயிற்று. இனித் தங்களுக்குள் ஒருவரைக் கொன்று தின்பது என்று முடிவாகிறது. யாரைக் கொல்வது என்று திருவுளச்சீட்டு எடுக்க வேண்டும். படகில் வேறு தாள் இல்லை. ஜுவானிடமிருந்து ஜூலியாவின் கடிதத்தை வலுக்கட்டாயமாகப் பிடுங்கிச் சீட்டுகளாகக் கிழிக்கிறார்கள். அந்தப் பொன்னோரத் தாளில் வந்த சீட்டு ஜுவானின் ஆசிரியர் பெட்ரில்லோவுக்கு விழுகிறது.

காதலைப் பற்றியும் மனித இயல்பைப் பற்றியும் இதைவிடக் கடுமையாக எழுதப்பட்ட ஒன்றை நான் படித்ததில்லை. பைரன் காதலைப் பொய் என்று சொல்லவில்லை. நடுங்கிய அந்தக் கையும் உண்மை, வயிற்றைப் பிறாண்டும் பசியும் உண்மை. இரண்டையும் ஒரே தாளில் வைத்துக் காட்டத் துணிந்தவர் அவர். ஜுவான் அந்த இறைச்சியைத் தொட மறுத்துவிடுகிறான் என்பதையும் சொல்லியாக வேண்டும். பைரனை மனிதர்மேல் நம்பிக்கையற்றவர் என்று தள்ளிவிடுபவர்கள் அந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

அவருடைய நகைச்சுவை எப்படி இயங்குகிறது என்பதற்குச் செய்யுளின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். இத்தாலியிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட எட்டடிச் செய்யுளில், முதல் ஆறு அடிகளில் இரண்டு இயைபுகள் மாறி மாறி வரும். கடைசி இரண்டடிகள் மட்டும் தமக்குள் இயைந்து நிற்கும். ஆறு அடிகளில் உணர்ச்சியை மேலே ஏற்றிக்கொண்டே போய், இறுதி இரண்டடியில் தடாலென்று தரையில் இறக்குவார். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் பாடிப் போற்றிய லாரா அவருக்கே மனைவியாகியிருந்தால் அவர் வாழ்நாள் முழுவதும் அவள்மேல் கவிதை எழுதிக்கொண்டிருந்திருப்பாரா என்ற புகழ்பெற்ற கேள்வி அப்படி இறங்கும் ஓர் ஈரடிதான். வெறுப்பே நீண்டகாலம் நிலைக்கும் இன்பம், மனிதர் அவசரத்தில் காதலித்து ஆற அமர வெறுக்கிறார்கள் என்று 13-ஆம் காண்டத்தில் வருவதும் அத்தகையதே. இந்த ஈரடிகள் மட்டும் தனியே உலவுவதால் பைரன் துணுக்கு எழுதியவராகத் தெரிகிறார். மேலே உள்ள ஆறு அடிகளையும் சேர்த்துப் படித்தால் அவர் எதை இழந்து அந்தச் சிரிப்புக்கு வந்தார் என்பது புரியும்.

அவர் எல்லா இடத்திலும் நேர்மையாகச் சிரித்தார் என்று நான் வாதிட மாட்டேன். 1815 ஜனவரியில் அன்னபெல்லா மில்பாங்க்கை மணந்தார். அவர் கணிதத்தில் ஈடுபாடு கொண்ட பெண். ஓராண்டு கடந்ததுமே அந்த வாழ்க்கை முறிந்தது. கணவரின் நடத்தையைக் கண்டு அஞ்சி, ஐந்து வாரக் குழந்தையோடு அவர் பிறந்த வீட்டுக்குப் போனார். 1816 ஏப்ரலில் இங்கிலாந்தை விட்டுப் போன பைரன் உயிரோடு திரும்பவில்லை. பிறகு ‘டான் ஜுவானில்’ ஜுவானின் தாயைக் கணிதப் பித்துப் பிடித்த, எல்லாம் தெரிந்த பெண்ணாகச் சித்திரித்து, படித்த மனைவியரின் கணவர்களே, அவர்கள் உங்களைக் கொத்திக் கொத்தியே அடக்கிவிடவில்லையா என்று கேட்டார். ஆங்கிலத்தில் அந்த ஈரடியின் இயைபுச் சாமர்த்தியத்தை எல்லோரும் மெச்சுகிறார்கள். என்னால் அதை மெச்ச முடியவில்லை. பதில் சொல்ல இடமில்லாத ஒருவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. ஜூலியாவின் கடிதத்தை எழுதிய அதே கை எழுதியது என்பதால் கூடுதலாக வலிக்கிறது. அன்று தாயோடு போன குழந்தைதான் ஏடா. கணினிக்கு முன்னோடியாகச் சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த பகுப்பாய்வுப் பொறியைப் பற்றி 1843-இல் ஏடா எழுதிய குறிப்புகளைக் கணினி வரலாற்றைத் தொடுபவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

நான்காம் காண்டத்தில் அவரே தம் சிரிப்புக்குக் காரணம் சொல்கிறார்: மண்ணுலகில் எதைப் பார்த்து நான் சிரித்தாலும், அது அழாமல் இருப்பதற்காகத்தான். இந்த அடியும் அட்டைகளில் வருகிறது. ஆனால் அத்தோடு அவர் நிறுத்தவில்லை. நான் அழுதால், நம் இயல்பால் எப்போதும் மரத்துப்போய் இருக்க முடியாது என்பதால் அழுகிறேன் என்று உடனே தொடர்கிறார். சிரிப்பைக் கவசமாக அணிந்தவர் அந்தக் கவசம் ஓரிடத்தில் உதவாது என்று தாமே எழுதிவைத்திருப்பதால்தான் அவரை நம்புகிறேன்.

1824 ஏப்ரல் 19 அன்று, கிரேக்க விடுதலைப் போருக்கு உதவப் போயிருந்த மிசோலோங்கியில் காய்ச்சலால் இறந்தபோது அவருக்கு வயது 36. அடுத்த மாதம் லண்டனில் அவருடைய பதிப்பாளர் ஜான் மர்ரேயின் வீட்டு அடுப்பில், அவருடைய நினைவுக் குறிப்புகளை நண்பர்களும் உறவினர் தரப்பினரும் சேர்ந்து எரித்தார்கள். ‘டான் ஜுவான்’ 16 காண்டங்களோடு நின்றது. 17-ஆம் காண்டத்தில் 14 செய்யுள்கள் மட்டுமே இருக்கின்றன. அவை 1903-இல்தான் அச்சேறின. மூன்று வயதில் தந்தையை இழந்தவர், தம் மகளை ஒரு மாதக் குழந்தையாகப் பார்த்த பிறகு மறுபடி பார்க்காதவர், அந்தக் கடைசிக் காண்டத்தை இப்படித் தொடங்கியிருக்கிறார்: உலகம் அநாதைகளால் நிறைந்திருக்கிறது.